மேல் ஏரியும் கீழ் ஏரியும்

ஓசூர்ப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஏரியை எடுத்துக்கொள்வோம். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறைவு என்றால் அது ஊராட்சி ஒன்றியத்து ஏரி. அதைத் தாண்டினால் நீர்வளத் துறையின் ஏரி. ஒன்றிய ஏரி என்றால் கரையும் மதகும் ஒன்றிய அலுவலகத்தாரான எங்கள் பொறுப்பு. ஏரி நிலம் இருப்பதோ வருவாய்த் துறையின் பதிவேட்டில். மீன் குத்தகையை ஏலம் விடுவது ஊராட்சி. உள்வாயில் நிற்கும் கருவேல மரங்கள் சமூகக் காடுகள் திட்டத்தில் வைத்தவை என்றால் வனத்துறையைக் கேட்காமல் ஒரு கிளையைக்கூட வெட்ட முடியாது. வண்டல் எடுக்கக் கனிமவளத் துறை, சாக்கடை கலந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கரையில் மின்கம்பம் சாய்ந்தால் மின்வாரியம். ஆக்கிரமிப்பை அகற்றுவதற்குச் சட்டமே இரண்டு. நீர்வளத் துறை ஏரிக்கு 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம். எங்கள் ஒன்றிய ஏரிக்கு 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம், அதைச் செயல்படுத்தத் தாசில்தார்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 10 ஊராட்சி ஒன்றியங்கள், 333 ஊராட்சிகள். அந்த ஒன்றிய அலுவலகங்களில் இளநிலை உதவியாளராகத் தொடங்கி வட்டார வளர்ச்சி அலுவலராக 2025இல் ஓய்வு பெற்றேன். பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்வது என்ற பெயரில் இன்று பேசப்படும் வேலையை வேறு வேறு பெயர்களில் பணிக்காலம் முழுக்கச் செய்துவந்தோம்: வறட்சி நிவாரணம், குடிமராமத்து, வெள்ளத் தடுப்பு, குடிநீர்ப் பற்றாக்குறை. அந்த அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். எங்கள் பகுதியில் திட்டம் போட வேண்டிய அலகு ஊராட்சியும் அல்ல, ஒன்றியமும் அல்ல. ஒன்றின் கோடியிலிருந்து, அதாவது உபரிநீர் வெளியேறும் கலிங்கிலிருந்து, வழியும் நீர் இன்னொன்றுக்குப் போகும் ஏரிச் சங்கிலிதான் அந்த அலகு. அந்தச் சங்கிலியில் பாதி கர்நாடகத்தில் இருக்கிறது என்பதே எங்கள் வேலையின் முழுச் சிரமமும்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டுநிலம். பெரிய ஆறு என்று தென்பெண்ணை ஒன்றுதான். அது நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஒசக்கோட்டை வழியாக வந்து, கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. வழியில் பெங்களூருவின் கிழக்குப் பகுதிக் கழிவுநீர் பெல்லந்தூர் ஏரியில் சேர்ந்து, வர்த்தூர் ஏரிக்கு இறங்கி, அங்கிருந்து ஆற்றில் கலக்கிறது. ஓசூரை ஒட்டிய கெலவரப்பள்ளி அணைதான் தமிழ்நாட்டில் அந்த நீரை முதலில் வாங்கும் இடம். பிறகு கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, கடைசியில் கடலூர். பெங்களூருவில் ஒரு வீட்டுக் குளியலறையில் ஊற்றிய சோப்புத் தண்ணீர் எங்கள் ஊர் பீன்ஸ் வயலுக்கு வந்து சேரும் வழி இது.

கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் நுரையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அணையின் ஷட்டரைத் தூக்கியதும் கீழே ஆறு முழுக்க வெள்ளைப் பஞ்சுப் பொதிபோல எழும்பும். காற்று அடித்தால் துண்டு துண்டாகப் பறந்து வந்து தக்காளிச் செடியிலும் சாமந்தியிலும் ஒட்டும். கிட்டே போனால் கண் எரியும். மூக்கில் ஏறுவது சலவைத் தூளும் சாக்கடையும் கலந்த நாற்றம். சலவைத் தூளிலும் சோப்பிலும் உள்ள வேதிப்பொருள்தான் காரணம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் பெல்லந்தூர் ஏரியில் பல ஆண்டுகள் ஆராய்ந்து சொன்னது இன்னும் தெளிவானது. அந்த வேதிப்பொருள் முழுவதும் சிதையாமல் அடிச்சேற்றில் ஒட்டிச் சேர்ந்துகொண்டே இருக்கிறது. பெருமழை வந்து சேற்றைக் கலக்கும்போது மொத்தமாக மேலே வருகிறது. மழைக்காலத்தில் தண்ணீர் பெருகினால் அழுக்கு நீர்த்துப்போகும் என்று நாம் நினைப்போம். இங்கே முதல் பெருமழையில்தான் நுரை அதிகம்.

இதில் ஒன்றிய அலுவலகத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அணை நீர்வளத் துறையுடையது, ஷட்டரைத் தூக்குவது அவர்கள் முடிவு. ஆனால் அணைக்குக் கீழே நந்திமங்கலம் பக்கம் இருப்பதைப் போன்ற தரைப்பாலங்களில் நடந்து போகிறவர்கள் எங்கள் ஊராட்சி மக்கள். பாலத்தை நுரை மூடிவிட்டால் பாலம் எது, ஆறு எது என்று தெரியாது. பகலில் ஆள் நிறுத்தலாம். விடியற்காலை ஐந்து மணிக்கு முதல் ஷிப்டுக்குப் போகிறவர் பைக்கில் வருவார், பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு.

ஓசூர் சிப்காட் 1970களில் வந்தது. அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மோட்டாரும் டைட்டனும் வந்தபின் சுற்றுவட்ட ஊர்களின் நேரமே ஷிப்டு நேரமாகிவிட்டது. ஆகவே தண்ணீர் திறக்கும் எச்சரிக்கை ஆற்றோர விவசாயிக்குப் போனால் மட்டும் போதாது. ஷிப்ட் பஸ் ஓட்டுகிறவருக்கும் போக வேண்டும். அரசு வழி ஒன்று இருக்கிறது. அணையிலிருந்து உதவிப் பொறியாளர், செயற்பொறியாளர், மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, அங்கிருந்து தாசில்தார், வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் ஆட்சியரைத் தலைவராக வைத்து ஏற்படுத்திய ஏற்பாடு அது. அவசியமான வழி, பொறுப்பு யாருடையது என்று எழுத்தில் இருப்பது அதில்தான். ஆனால் இரவு ஒரு மணிக்கு அந்த ஏணியில் ஒரு படியில் ஒருவர் தூங்கிவிட்டால் செய்தி அங்கேயே நின்றுவிடும்.

அதனால் பக்கத்திலேயே இன்னொரு வழியை வைத்துக்கொண்டோம். என் மேசைக்குப் பின்னால் இருந்த இரும்பு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. முதல் எண் அணையில் ஷட்டரைக் கவனிக்கும் லஸ்கருடையது. அடுத்து ஆற்றோர ஊராட்சிகளின் செயலர்கள், தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர்கள், கோயில் மைக்கையும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியையும் போடக்கூடியவர்கள், ஷிப்ட் பஸ் காண்ட்ராக்டர்கள், போக்குவரத்துக் காவல். லஸ்கர் போன் செய்வார்: "மேடம், மேலருந்து தண்ணி ஜாஸ்தியா வருது. நைட்டே ஷட்டர் தூக்குவாங்கபோல இருக்கு." அவ்வளவுதான். அதன்பின் அரை மணி நேரத்துக்குள் தரைப்பாலத்தின் இரு பக்கமும் முள்ளை வெட்டிப் போட்டு, ஒரு டிராக்டரைக் குறுக்கே நிறுத்திவிடுவார்கள். அரசாணை எதுவும் அந்தத் தாளுக்கு இல்லை. மாற்றலாகிப் போகும்போது அடுத்து வந்தவரிடம் சாவியைக் கொடுப்பதற்கு முன்பு நான் காட்டிக்கொடுத்தது அந்தத் தாளைத்தான்.

அந்தப் பட்டியலில் எல்லைக்கு அப்பால் ஓர் எண்ணும் இருந்தது. கர்நாடகத்தில் ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்துக்கும் ஒரு வளர்ச்சி அலுவலர் உண்டு. அவர்களில் ஒருவர் ஒரு திருமணத்தில் அறிமுகமானவர். பெங்களூரு கிழக்கில் மழை கொட்டினால் எனக்குச் செய்தி அனுப்பிவிடுவார். நான் கன்னடத்தில் பதில் போடுவேன், அவர் தமிழில் போடுவார். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர்ப் பக்கம் மென்பொருள் அலுவலகங்கள் நீரில் மூழ்கி, டிராக்டரில் ஊழியர்கள் வேலைக்குப் போனதை நாடே பார்த்தது. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று அன்று எந்தத் தொலைக்காட்சியும் கேட்கவில்லை. எங்களுக்கு அது ஒன்றுதான் கேள்வி.

ஒரு திருமணத்து அறிமுகத்தை நம்பி இரு மாநிலங்களின் எச்சரிக்கை முறை இருக்கக் கூடாது. ஐரோப்பாவில் ரைன் ஆற்றின் கதை நமக்குப் பாடமாக இருக்க வேண்டும். 1986 நவம்பர் 1ஆம் தேதி சுவிட்சர்லாந்தில் பாசல் நகருக்கு அருகே சாண்டோஸ் நிறுவனத்தின் ரசாயனக் கிடங்கு தீப்பற்றியது. தீயணைத்த நீர் பூச்சிமருந்தோடு ஆற்றில் இறங்கி, ஆறு சிவந்து, நாடு நாடாக மீன்கள் செத்தன. அதன் பிறகு ரைன் கரை நாடுகள் எச்சரிக்கை முறையைச் செம்மைப்படுத்தின. மேலே ஒரு நிலையத்தில் கோளாறு தெரிந்தால் கீழே உள்ள நாடுகளின் நிலையங்களுக்கு நேராகத் தகவல் போகும். மொழி வேறு, அரசு வேறு, சட்டம் வேறு என்று இருந்தும் செய்தார்கள். நமக்கு இடையில் இருப்பது அத்திப்பள்ளி சோதனைச் சாவடி மட்டும்.

காவிரிக்கு வழி பிறந்திருக்கிறது. எங்கள் மாவட்டத்து எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளக்கும் நீரின் அளவு அன்றாடம் செய்தியில் வருகிறது. 2018 முதல் மேலாண்மை ஆணையமும் இருக்கிறது. தென்பெண்ணைக்கு அந்த அமைப்பு இல்லை. அதன் துணையாறான மார்க்கண்டேய ஆற்றில் கோலார் மாவட்டம் யார்கோளில் அணை கட்டுவதை எதிர்த்துத் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. 1892இல் சென்னை மாகாணமும் மைசூரும் செய்துகொண்ட ஒப்பந்தம் வரை வாதம் நடந்தது. 2019 நவம்பரில் நீதிமன்றம் நடுவர் மன்றத்தைக் கேட்டுப் பெறும்படி சொன்னது. என் பணிக்காலம் முடியும்வரை அது அமைந்து நான் பார்க்கவில்லை. நீரின் அளவுக்காக நடக்கும் அந்த வழக்கு அவசியமானது. ஆனால் நீரின் தரத்துக்கும் வெள்ள எச்சரிக்கைக்கும் வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஓசூர் சார் ஆட்சியரும் எல்லைக்கு அப்பால் ஆனேக்கல் தாசில்தாரும் மாதம் ஒருமுறை ஒரு மேசையில் உட்கார்ந்தால் பாதி வேலை முடியும்.

இனி இந்தப் பக்கத்துக் கதை. எல்லாக் குற்றத்தையும் பெங்களூருவின் தலையில் கட்டிவிட்டு நாம் கைகழுவ முடியாது. ஓசூர் 2019இல் மாநகராட்சியானது, 45 வார்டுகள். பாதாளச் சாக்கடை இன்னும் முழுமையாகாத நகரத்தின் கழிவு எங்கே போகும்? ராஜகால்வாய் வழியாக அடுத்த ஏரிக்கு. மாநகராட்சியின் எல்லை முடிந்ததும் அந்தக் கால்வாய் ஊராட்சிக்குள் வந்துவிடும். அதன் பிறகு அது எங்கள் ஏரியில் விழும் அவர்கள் கழிவு. பெங்களூருவிடம் நாம் எதைக் கேட்கிறோமோ அதையே ஓசூரைச் சுற்றியுள்ள ஊராட்சிகள் ஓசூரிடம் கேட்கின்றன.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி பற்றியும் சொல்ல வேண்டும். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி குறிப்பிட்ட வரம்புக்கு மேற்பட்ட நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஓசூரில் அந்தப் பணத்தில் பல ஏரிகள் தூர்வாரப்பட்டன, நல்லது நடந்தது. ஒரு நிறுவனம் ஓர் ஊராட்சியில் செய்த வேலையை மட்டும் சொல்கிறேன், பெயர் வேண்டாம். கரையைப் பலப்படுத்தினார்கள், நடைபாதை போட்டார்கள், சிமென்ட் பெஞ்சுகள், சூரிய விளக்குகள், இரண்டு பக்கமும் வேம்பும் புங்கனும். திறப்பு விழாவும் நடந்தது. அந்த ஆண்டு மழை நன்றாகப் பெய்தும் ஏரிக்கு முழங்கால் அளவு தண்ணீர்தான் வந்தது.

ஊரில் முன்பு ஏரி நீரைப் பங்கிட்டு விடும் நீர்கட்டியாக இருந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, சர்வேயரும் நானும் நீர்வரத்துக் கால்வாயில் மேல்நோக்கி நடந்தோம். கிராம வரைபடத்தில் கால்வாய் தெளிவாக இருந்தது. தரையில் முதல் பர்லாங் தெரிந்தது. அதன்பின் உண்ணிச்செடிப் புதர். அதைத் தாண்டினால் ஒரு மனைப்பிரிவின் தார்ச்சாலை, அதற்கு அடியில் ஓர் ஆள் தலை நுழையாத குழாய். பெரியவர் அந்தக் குழாயைக் குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுல எலி போவும், ஏரித்தண்ணி போவுமா?" என்றார். அந்த இடம் அடுத்த ஊராட்சி. அந்த ஊராட்சியின் திட்டத்தில் அந்தக் கால்வாய் இல்லை, ஏனென்றால் அதன் பயன் அவர்களுக்கு இல்லை. இந்த ஊராட்சியின் திட்டத்தில் அதைச் சேர்க்க முடியாது, ஏனென்றால் அது அவர்கள் எல்லையில் இல்லை. நிறுவனமோ ஏரிக்குத்தான் பணம் ஒதுக்கியது. பெரியவர் சொல்லச் சொல்ல சர்வேயர் சங்கிலி பிடித்து அளந்தார். அந்த அளவை வைத்துத்தான் இரண்டு ஊராட்சித் தலைவர்களையும் தாசில்தாரையும் ஒரே நாளில் அந்தக் குழாய்மேல் நிற்கவைத்தேன். குழாயை எடுத்துவிட்டுச் சிறுபாலம் கட்ட எஸ்டிமேட் போட்டு, 15ஆவது நிதிக்குழு மானியத்தில் வேலை முடித்தோம். அந்த மானியத்தில் 60 சதவீதம் தண்ணீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டப்பட்ட பணம். அதைக் கால்வாய்க்குச் செலவழிப்பதைவிட முறையான செலவு வேறில்லை.

அதன்பின் எந்த நிறுவனம் வந்தாலும் முதலில் நான் கேட்டது: "மேல் ஏரியிலிருந்து தொடங்குவீர்களா?" சிலர் ஒத்துக்கொண்டார்கள். மேல் ஏரி காட்டுக்குள் இருக்கும். அங்கே பெயர்ப்பலகை வைத்தால் பார்க்க ஆளில்லை. அப்படியும் ஒத்துக்கொண்ட நிறுவனங்களுக்கு என் வணக்கம்.

வண்டல் விஷயத்தில் அரசு செய்த ஒரு மாற்றத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். ஏரி வண்டலை விவசாயி தன் நிலத்துக்கு எடுத்துக்கொள்ள அனுமதி வாங்க முன்பு மாவட்டத் தலைநகருக்கு அலைய வேண்டும். அனுமதி வரும்போது ஏரியில் தண்ணீர் வந்துவிடும். 2024இல் அந்த அதிகாரத்தைத் தாசில்தாருக்கே கொடுத்தார்கள். அந்த ஆண்டிலேயே எங்கள் பகுதியில் டிராக்டர்கள் வரிசை கட்டின. கேழ்வரகு நிலத்துக்கு உரம் கிடைத்தது, ஏரிக்கு ஆழம் கிடைத்தது, அரசுக்குச் செலவில்லை. அதிகாரத்தை ஒரு படி கீழே இறக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஏரி நிறைந்தால் கிணறு ஊறும் என்பது எங்கள் பகுதியில் எழுபது வயதுக்காரர்களுக்குத்தான் நினைவிருக்கிறது. பாறை நிலம். ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடியைத் தாண்டிவிட்டது. குடிநீருக்கு ஒகேனக்கல் திட்டம் வந்தது பெரிய ஆறுதல். ஜப்பான் நிதியுதவியோடு 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளைகளின் பல்லில் ஃப்ளோரைடு கறையைப் பார்த்தவர்கள் அதன் அருமையை அறிவார்கள். ஆனால் ஒகேனக்கல் ஏறக்குறைய 250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஓசூருக்கு 600 மீட்டருக்கு மேல் தண்ணீரைத் தள்ளி ஏற்றுகிறோம், இரவும் பகலும் மின்சாரத்தில். வழியில் ஓரிடத்தில் மின்தடை என்றால் மறுநாள் கடைசி ஊருக்குக் குடம் நிறையாது. இருக்கும் ஏரியைச் சாக்கடைக்குக் கொடுத்துவிட்டு, குடிக்கும் தண்ணீரை மலை ஏற்றிக் கொண்டுவருவதை எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியாது. 2024 கோடையில் பெங்களூரு தண்ணீர் இல்லாமல் தவித்தபோது இங்கேயும் லாரித் தண்ணீர்தான். ஒரே பாறைக்கு அடியில் இரண்டு மாநிலங்களும் துளை போட்டுக்கொண்டிருக்கின்றன.

அதே ஆண்டு முடிவதற்குள் மாவட்டத்தின் கீழ்க்கோடியில் வெள்ளம். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் இருக்கும் நமக்கு என்ன என்றுதான் பலரும் இருந்தார்கள். டிசம்பர் 2 காலை எட்டரை மணியோடு முடிந்த ஒரு நாளில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை பதிவானது. எங்கள் மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் அது. பேருந்து நிலையம் அருகே சாலையோரம் நின்றிருந்த வேன்களையும் கார்களையும் ஏரித் தண்ணீர் உருட்டிக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தார்கள். கீழே சாத்தனூர் அணையிலிருந்து அன்று அதிகாலை விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட வேண்டியதாயிற்று. திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் தென்பெண்ணைக் கரை ஊர்கள் பட்ட பாட்டை நான் சொல்லத் தேவையில்லை.

நிவாரணப் பணிக்கு மற்ற ஒன்றியங்களிலிருந்து எங்களையும் அனுப்பினார்கள். பள்ளிகளிலும் கல்யாண மண்டபங்களிலும் மக்கள் இருந்தார்கள். சாப்பாடு எப்படியாவது வந்துவிடும். நம் மக்கள் அதில் குறை வைப்பதில்லை. குடிநீர்தான் சிக்கல். மோட்டார் அறைக்குள் சேறு, பைப் உடைந்து வெள்ளத் தண்ணீர் உள்ளே. தொட்டி ஆபரேட்டர்கள் இரவெல்லாம் மோட்டாரைக் கழற்றி, கழுவி, காயவைத்து மாட்டினார்கள்; தொட்டிக்குள் இறங்கித் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கலந்து, முதல் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொட்டினார்கள். அவர்கள் மாதச் சம்பளத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். நான் பார்த்த எந்தப் பேரிடர் திட்டப் புத்தகத்திலும் தொட்டி ஆபரேட்டருக்குத் தனியாக ஒரு வரிகூட இல்லை. பேரிடர் வந்த ஊரில் முதலில் எழுந்து வேலைக்குப் போகிறவர் அவர்.

அங்கே நான் பார்த்த இன்னொன்று. கோடி சரியாக இருந்து, கோடிக்குக் கீழே ஓடை திறந்திருந்த ஏரிகள் நிரம்பி வழிந்தன, உடையவில்லை. ஓடையில் கடை கட்டிய இடங்களில்தான் தண்ணீர் தெருவைத் தேடிப் போனது. கிருஷ்ணகிரி அணையில் 2017 நவம்பர் 29 அன்று ஒரு ஷட்டர் உடைந்து, சேர்த்துவைத்த நீரைப் பெருமளவு வெளியேற்ற வேண்டிவந்தது. பிறகு ஷட்டர்களைப் புதிதாக மாற்றினார்கள். பெரிய அணைக்குப் பணமும் கவனமும் வந்துவிடும். ஒன்றிய ஏரியின் மதகுப் பலகைக்குத்தான் யாரும் வருவதில்லை.

2022 டிசம்பரில் தமிழ்நாடு பருவநிலை மாற்ற இயக்கம் தொடங்கியது. மாவட்டந்தோறும் ஆட்சியர் இயக்குநர், மாவட்ட வன அலுவலர் பருவநிலை அலுவலர் என்று ஏற்பாடு. வனத்துறையைப் பொறுப்பில் வைத்ததில் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு நன்மை உண்டு. தளி, ஜவளகிரி, சானமாவு பக்கம் ராகி அறுவடைக் காலத்தில் யானைகள் வரும். வன ஊழியர்களுக்கும் ஊராட்சிகளுக்கும் ஏற்கெனவே அன்றாடப் பேச்சு உண்டு. யானை எந்தப் பக்கம் திரும்பியது என்று ஊருக்குச் சொல்லும் அதே வாட்ஸ்அப் குழுவில் ஏரி நிலவரத்தையும் போடச் சொன்னோம், அது நன்றாக ஓடியது. மரக்கன்று எண்ணிக்கையில்தான் எனக்கு மனத்தாங்கல். கூட்டத்துக்குக் கூட்டம் எத்தனை நட்டோம் என்று கேட்பார்கள். போன ஆண்டு நட்டதில் எத்தனை நிற்கிறது என்று கேட்க வேண்டும். நட்ட இடத்துக்குக் கோடையில் தண்ணீர் ஊற்ற ஆள் யார் என்பதற்குப் பதில் இல்லாமல் குழி எடுக்கக் கூடாது.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024 அக்டோபரில் அரசு அறிவித்தது சரியான முடிவு. ஓசூர் குளிர்ச்சியான ஊர் என்ற பழைய பெயர் நம் கண்ணை மறைத்துவிடுகிறது. சிப்காட்டைச் சுற்றிய ஊர்களில் தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாசும் போட்ட லைன் வீடுகளுக்குள் ஏப்ரல் மதியத்தில் போய்ப் பாருங்கள். இரவு ஷிப்டு முடித்துவந்த ஒடிசா, பீகார், ஜார்கண்ட் இளைஞர்கள் ஓர் அறையில் ஆறு பேர் தூங்க முயன்றுகொண்டிருப்பார்கள். அவர்கள் எங்கள் வாக்காளர் பட்டியலில் இல்லை. ஒரு வறட்சிக் கோடையில் லாரித் தண்ணீர் அளவைக் குடும்ப அட்டை எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட்டபோது இவர்கள் கணக்கில் வரவே இல்லை. வீட்டு உரிமையாளர்களிடம் ஆள் கணக்கு வாங்கிச் சேர்த்த பிறகுதான் தெருச் சண்டை நின்றது. யாரைக் கணக்கில் சேர்க்கிறோம் என்பதில்தான் இந்த வேலை தொடங்குகிறது.

எங்கள் மாவட்டத்தில் ஊராட்சிகளுக்குக் கடைசியாக 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். நானும் அந்த நிர்வாகத்தில் வேலை செய்தவள். தனி அலுவலர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவர் பல ஊராட்சிகளைப் பார்க்கிறார். இரவு ஒரு மணிக்கு ஊரை எழுப்பி, முள் வெட்டிப்போட்டு, டிராக்டரைக் குறுக்கே நிறுத்தச் சொல்ல அந்த ஊரிலேயே குடியிருக்கும் ஒருவர் வேண்டும். அவர் வார்த்தைக்கு ஊர் கட்டுப்பட வேண்டும். அந்த அதிகாரத்தை ஓட்டுதான் தர முடியும். ஊராட்சித் தேர்தலை ஏதோ அரசியல் விவகாரம் என்று பார்ப்பவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் பகுதியில் அது வெள்ளத் தடுப்பு ஏற்பாடுகளில் ஒன்று.

ஓசூர், பாகலூர், மத்திகிரி, சூளகிரிப் பக்கம் மனை வாங்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்திரப் பதிவுக்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், உங்கள் மனைக்குப் பக்கத்தில் ஓடையோ நீர்வரத்துக் கால்வாயோ கிராம வரைபடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த இடத்தை வாங்காதீர்கள். குடிவந்துவிட்டவர்கள் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களின் கிராம சபைக்கு வாருங்கள். உலகத் தண்ணீர் நாளும் உள்ளாட்சி நாளும் 2022இல்தான் கிராம சபை நாட்களாகச் சேர்க்கப்பட்டன. மாநகராட்சிக்குள் இருப்பவர்களுக்குப் பகுதி சபை உண்டு. அங்கே ஒன்றே ஒன்றைத் தீர்மானமாகக் கேளுங்கள்: எங்கள் ஏரிக்கு மேலே உள்ள ஏரி எது, கீழே உள்ள ஏரி எது, இரண்டுக்கும் நடுவே கால்வாய் திறந்திருக்கிறதா? அரசிடம் கேட்பதும் ஒன்றுதான். ஊராட்சித் தேர்தலை இன்னொரு வடகிழக்குப் பருவமழைக்கு அப்பால் தள்ளாதீர்கள்.